பிள்ளை வாசிக்கிறது, செல்போன் கேட்கிறது: பியானோ ஆப்கள் கற்பவர் மனதை என்ன செய்கின்றன?

மதுரையில் கோடை லீவு விட்டால் கீபோர்டு கிளாஸ்களில் கூட்டம் சேரும். அண்ணா நகர், கே.கே. நகர், எஸ்.எஸ். காலனி, திருநகர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மாடி வீட்டு கேட்டில் 'கீபோர்டு, டிராயிங், ஹிந்தி' என்று ஒரு சின்ன போர்டு தொங்கும். இப்போது அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பா அம்மாவின் செல்போனிலேயே வேறொரு விளம்பரம் ஓடுகிறது: ஆசிரியர் தேவையில்லை, இந்த ஆப்பைப் போட்டால் பிள்ளை தானாகவே பியானோ கற்றுக்கொள்ளும். எதை நம்புவது என்ற குழப்பம் வருவது நியாயம்தான்.

அதைவிடப் பெரிய குழப்பம், ஆப்பைப் போட்டு மூன்று நான்கு மாதம் கழித்து வருகிறது. பாடத்துக்குப் பாடம் மூன்று நட்சத்திரம் வாங்கிய பிள்ளை, ஊரிலிருந்து வந்த தாத்தா "எங்க, ஒண்ணு வாசி பாப்போம்" என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டு "டேப் எங்கம்மா?" என்று கேட்கிறது. டேப்பில் சார்ஜ் இல்லை என்றால் வாசிப்பும் இல்லை. இத்தனை நாள் கற்றது எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. பிள்ளையின் காதில் போய்ச் சேராமல் திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஏன் அப்படி ஆகிறது என்பது புரிய, இந்தக் கருவிகள் எப்படிக் கேட்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## 'இன்டராக்டிவ்' என்று எதைச் சொல்கிறோம்?

டிஜிட்டலாக இருப்பதெல்லாம் இன்டராக்டிவ் கிடையாது. நீங்கள் வாசிப்பதைக் கருவி கவனிக்க வேண்டும், கவனித்து அதற்கேற்ப உடனே ஏதாவது செய்ய வேண்டும். யூடியூப் வீடியோவைப் பார்த்து வாசிப்பது இந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் நீங்கள் வாசிப்பது அந்த வீடியோவுக்குத் தெரியாது. ஜூம் வகுப்பும் வராது, அங்கே கேட்பவர் மனிதர். மிச்சம் மூன்று வகை:

1. கேட்டுத் திருத்தும் ஆப்கள். சிம்ப்ளி பியானோ, யூசிஷியன், ஃப்ளோகீ, ஸ்கூவ் போன்றவை. சரியாக வாசித்தால் நோட் பச்சையாகும், தவறினால் சிவப்பாகும், கடைசியில் மதிப்பெண்ணோ நட்சத்திரமோ வரும். எல்லா ஆப்பும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் அடிப்படை இதுதான்.

2. விழும் பட்டை மென்பொருள்கள். சிந்தீசியா இந்த வகை. 2005-ல் வந்த கிட்டார் ஹீரோ விளையாட்டில் பார்த்த அதே முறை: வண்ணப் பட்டை மேலிருந்து இறங்கி வரும், கோட்டைத் தொடும்போது அந்தக் கீயை அழுத்த வேண்டும்.

3. கீ எரியும் கீபோர்டுகள். கேசியோவிலும் யமஹாவிலும் உண்டு. அடுத்து அழுத்த வேண்டிய கீயில் விளக்கு எரியும்.

தலைப்பில் பியானோ என்று சொன்னாலும், நம் ஊரில் நிஜமான மரப் பியானோ இருக்கிற வீடுகள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களிடம் இருப்பது 61 கீ கொண்ட கீபோர்டு, கொஞ்சம் வசதி இருந்தால் 88 கீ டிஜிட்டல் பியானோ. இந்தக் கட்டுரையில் சொல்வது எல்லாமே அவற்றுக்கும் பொருந்தும்.

## செல்போன் எப்படிக் கேட்கிறது?

இரண்டு வழி இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளையின் மனநிலையை நேரடியாகத் தொடுவதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் வழி மைக். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு அதிர்வெண் உண்டு. பியானோவின் நடு சி, அதாவது கீ வரிசையின் நடுவில் இருக்கிற சி என்ற நோட்டு, நொடிக்குச் சுமார் 261.6 தடவை அதிர்கிறது. ஆனால் அந்தக் கீயை அழுத்தினால் அந்த ஒரு அதிர்வு மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, அதாவது 523, மூன்று மடங்கு, அதாவது 785 என்று மேலே மேலே துணை அதிர்வுகளும் கலந்து வரும், அந்தக் கலவையால்தான் பியானோ ஒலி பியானோ ஒலியாகவும் நாகஸ்வர ஒலி நாகஸ்வர ஒலியாகவும் இருக்கிறது. இப்போது சிக்கலைப் பாருங்கள்: அடுத்த ஆக்டேவில், அதாவது மேல் ஸ்தாயியில் உள்ள சி-யின் அதிர்வெண்ணே 523 தான். பிள்ளை ஒரு சி-யை அழுத்தியதா, இரண்டு சி-யைச் சேர்த்து அழுத்தியதா என்பதை மைக்கில் விழுந்த ஒலியை வைத்துப் பிரித்தெடுப்பது லேசான வேலை அல்ல. கார்டு, அதாவது பல நோட்டுகளை ஒரே நேரத்தில் சேர்த்து வாசித்தால், அந்த மூன்று நான்கு நோட்டுகளும் அவற்றின் துணை அதிர்வுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

இதை ஒரு மதுரை வீட்டு ஹாலில் வைத்துப் பார்ப்போம். வில்லாபுரத்தில் ஒரு வீடு, ஆடி மாதம், மாலை ஏழு மணி. தெருமுனைக் கோயிலில் ரேடியோ செட் போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, அடுப்படியில் குக்கர் இரண்டாவது விசிலுக்குத் தயாராகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை இ-யை அழுத்துகிறது, அது சரியான கீதான், ஆனால் திரையில் சிவப்பு. மறுபடி அழுத்துகிறது, மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை ஓங்கி அழுத்துகிறது, பச்சை. இந்த ஐந்து விநாடியில் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: தன் காதுக்குச் சரியாகப் பட்டது தப்பு, ஓங்கி அடித்தால் சரி. இரண்டுமே இசைக்கு விரோதமான பாடம். பெரியவர் என்றால் "மைக் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது வயதில் அப்படித் தோன்றாது, "எனக்கு வரலை" என்றுதான் தோன்றும்.

இரண்டாவது வழி கேபிள். 1983-லிருந்து மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள மிடி என்ற ஒரு பொது மொழி இருக்கிறது. யுஎஸ்பி கேபிளில் கீபோர்டை டேப்போடு இணைத்தால் ஒலி போவதில்லை, எண்கள் போகின்றன. எந்தக் கீ (88 கீ பியானோவில் 21 முதல் 108 வரை, நடு சி 60), எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது (127 வரை ஒரு எண்), எப்போது விடப்பட்டது. குக்கர் விசில், ரேடியோ செட், ஃபேன் எதுவும் இதில் நுழைய முடியாது. சரியாக அழுத்திய கீ தப்பாக வருவதற்கு இங்கே கிட்டத்தட்ட வழியே இல்லை.

நடுவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வீட்டில் தொந்தரவு வேண்டாம் என்று புளூடூத் ஹெட்செட் மாட்டி வாசித்தால், கீயை அழுத்தியதற்கும் காதில் ஒலி விழுவதற்கும் நொடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று தாமதம் வந்துவிடும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அரை அடியே 0.25 விநாடிதான். அப்போது பிள்ளை தாளம் தப்புவது அதன் குற்றமே இல்லை. ஹெட்போன் வேண்டுமென்றால் வயர் வைத்தது வாங்குங்கள்.

## எதைக் கேட்பதில்லை?

பியானோவை 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸ் நகரத்தில் உருவாக்கியவர் பார்த்தொலொமேயோ கிறிஸ்டொஃபோரி. அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்தில் கீயை எப்படி அழுத்தினாலும் சத்தம் ஒரே அளவில்தான் வரும். கிறிஸ்டொஃபோரி கம்பியைத் தட்டும் சுத்தியலை வைத்தார், மெல்ல அழுத்தினால் மெல்லவும் பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலி வந்தது. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மென்மை, 'ஃபோர்ட்டே' என்றால் வன்மை. பியானோஃபோர்ட்டே என்ற பெயரே அதுதான்.

ஆக, இந்தக் கருவி பிறந்த காரணமே மென்மைக்கும் வன்மைக்கும் நடுவில் இருக்கிற அத்தனை படிகளும் விரலில் இருக்க வேண்டும் என்பது. தொடக்கநிலை ஆப்கள் பெரும்பாலும் நட்சத்திரம் கொடுப்பது இரண்டை வைத்துத்தான்: கீ சரியா, நேரம் சரியா. கேபிளில் அழுத்திய வேகம் எண்ணாகவே வருகிறது, இருந்தும் தொடக்கப் பாடங்களில் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

விரல் விஷயம் இதைவிட முக்கியம். சி மேஜர் ஸ்கேலை, அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை எட்டு வெள்ளைக் கீயை, வலது கையில் வாசிக்க 1-2-3 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5), பிறகு கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் கொண்டுபோய் மறுபடி 1-2-3-4-5 என்று போக வேண்டும். ஒரு பிள்ளை ஐந்து விரலையும் வரிசையாகத் தீர்த்துவிட்டு, ஆறாவது நோட்டுக்குக் கையையே தூக்கித் தாண்டுகிறது என்று வையுங்கள். மெதுவான வேகத்தில் எட்டு நோட்டும் சரியாகவே விழும், ஆப் மூன்று நட்சத்திரம் கொடுக்கும். கீக்கு எந்த விரல் வந்தது என்று மைக்குக்கும் தெரியாது, கேபிளுக்கும் தெரியாது. அதே பிள்ளை ஆறு மாதம் கழித்து வேகத்தைக் கூட்டும்போது அந்தத் தாவல் உடையும். அப்போது பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாக எழுத வேண்டும், அது முதலில் கற்பதைவிடக் கஷ்டம், பிள்ளைக்கு அது தண்டனை போலவே படும். இறுகிய மணிக்கட்டு, தூக்கிய தோள், பிடித்துவைத்த மூச்சு இவையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்த ஆசிரியர் கண்ணில் முதல் நிமிடத்திலேயே படும்.

## இதனால் மனதுக்கு நல்லது எதுவும் இல்லையா?

இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மை ஆகாது.

ஸ்கேலால் முட்டியில் அடிக்கும் இசை ஆசிரியர்கள் நம் ஊரில் இருந்தார்கள். அடிக்காவிட்டாலும், எட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது "இதுகூட வரலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அதோடு கீபோர்டை மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆப் கோபப்படாது. ஒரே இடத்தை நாற்பது தடவை தப்பாக வாசித்தாலும் பெருமூச்சு விடாது. ரிட்டயர் ஆன பிறகு சின்ன வயது ஆசையை எடுத்துத் தூசி தட்டுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை, ஏனென்றால் தப்பு செய்வதை யாரும் பார்ப்பதில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதிய கட்டுரையில், 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று வரிசைப்படுத்தினார். அவர் முதலில் வைத்தது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் செய்வதைப் பார்ப்பது, பாராட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆப்கள் இதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, முதல் நாளே ஏதோ ஒன்றை வாசித்து முடிக்க வைத்துவிடுகின்றன. பழைய முறையில் முதல் மாதம் முழுவதும் வெறும் விரல் பயிற்சி என்று போகும்போது பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். இந்தத் தொடக்கத் தள்ளு ஒரு நல்ல காரியம்.

ஆனால் பண்டூரா சொன்னதில் 'தானே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செய்து முடித்தது தான்தான் என்று மனம் நம்பினால்தான் அந்த நம்பிக்கை தங்கும். எரிகிற கீயைப் பின்தொடர்ந்து ஒரு பாட்டை முடித்த பிள்ளை, தான் வாசித்ததாக நினைக்கிறதா, விளக்கு வாசித்ததாக நினைக்கிறதா? தாத்தாவின் முன்னால் அது தயங்கி நின்றபோது, அதன் மனதுக்கு விடை தெரிந்திருந்தது.

## சுருதிப் பெட்டிக்கும் ஆப்புக்கும் என்ன வித்தியாசம்?

என் பார்வையில் மொத்த விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

நமக்கு இசைக் கற்றலில் இயந்திரம் புதிதல்ல. பாட்டு வகுப்பில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அது என்ன செய்கிறது? ச-ப-ச என்று ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பாடுகிற பிள்ளையைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. சேர்ந்ததா விலகியதா என்று முடிவு செய்ய வேண்டியது பிள்ளையின் காது. சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பாடும்போது தாளத்தைத் தொடையில் போடுவதும் பிள்ளையின் கைதான். அளவுகோல் வெளியே இருக்கிறது, தீர்ப்பு உள்ளே நடக்கிறது.

ஆப் அளவுகோலையும் தீர்ப்பையும் தானே எடுத்துக்கொள்கிறது. பச்சை, சிவப்பு வந்துவிட்ட பிறகு காது எதற்கு வேலை செய்ய வேண்டும்? பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் இது நடப்பதில்லை. கண்ணுக்கு எதிரே தெளிவான விடை இருக்கும்போது, மங்கலான விடையைத் தருகிற காதை மூளை நாடாது.

இதைப் பற்றி உடல் இயக்கத் திறன்களை ஆராய்ந்தவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். 1984-ல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு கருத்தை வைத்தார்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவை உடனே சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் செயல் நன்றாக இருக்கும், ஆனால் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வதால் அது எடுக்கப்பட்டதும் செயல் சரியும். 1990-ல் வின்ஸ்டீனும் ஷ்மிட்டும் இதைச் சோதித்தார்கள். ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட விதமாக அசைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவு சொல்லப்பட்டது, இன்னொரு குழுவுக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும், அதுவும் போகப் போகக் குறைத்து. பயிற்சியின்போது இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிற்பாடு முடிவு எதையும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது, பாதி மட்டும் கேட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். நடைவண்டி பிடித்து நடக்கிற பிள்ளையை நமக்குத் தெரியும். வண்டி உருண்டால்தான் கால் பழகும், ஆனால் வண்டியை விட்டால்தான் நடை பழகும்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். நெம்புகோல் அசைப்பது எளிய வேலை, பியானோ அப்படி இல்லை. சிக்கலான திறன்களில் தொடக்க காலத்தில் அடிக்கடி திருத்துவது உதவவே செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே முதல் சில வாரங்கள் பச்சை சிவப்பு இருப்பது கெடுதல் இல்லை. எப்போது குறைப்பது என்று யாரும் யோசிக்காமல் வருஷக்கணக்கில் அப்படியே விடுவதில்தான் கெடுதல்.

காது உள்ளே வேலை செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். பழைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். வாத்தியத்தைத் தொடாமலேயே, மனதுக்குள் கேட்பதை நேராக ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பில், எழுதுவதற்குப் பேர்போனவர். எல்லாப் பிள்ளையும் இளையராஜா ஆக வேண்டியதில்லை. ஆனால் அடுத்து வரப்போகிற நோட்டை அழுத்துவதற்கு முன்பே மனதில் கேட்பது, பியானோ கற்கிற ஒவ்வொருவருக்கும் ஓரளவாவது வர வேண்டிய ஒன்று, பட்டை விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதை வளர்க்காது.

## நட்சத்திரமும் நாள் கணக்கும்

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைய ஏற்கனவே ஆசைப்படுகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாக மாறிவிட்டது.

இதை வைத்து நட்சத்திரமே கூடாது என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனை ஏற்கனவே ஆசை இருந்த பிள்ளைகளிடம் நடந்தது. ஆசையே இல்லாத பிள்ளையை முதல் பத்து நாள் உட்கார வைக்க நட்சத்திரம் உதவலாம். பாட்டு என்றால் தானாக ஓடி வருகிற பிள்ளையிடம் அதே நட்சத்திரத்தைக் காட்டும்போதுதான் கவனம் வேண்டும்.

நட்சத்திரத்தைவிட எனக்குக் கவலை தருவது தொடர் நாள் கணக்கு. 'இன்று 46-வது நாள், விடாமல் வாசித்திருக்கிறாய்!' திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு பத்தரைக்கு வீடு திரும்புகிறார்கள். தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளை நேராகக் கீபோர்டுக்குப் போய், முதல் மாதத்தில் முடித்த மிக எளிய பாடத்தை எடுத்து இரண்டு நிமிடம் தட்டிவிட்டுப் படுக்கிறது. கணக்கு 47 ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு பொறுப்பு! ஆனால் அந்தப் பிள்ளையை எழுப்பி உட்கார வைத்தது பாட்டு இல்லை, 46 போய்விடுமோ என்ற பயம். ஒருநாள் காய்ச்சலிலோ கரண்ட் கட்டிலோ அந்தக் கணக்கு அறுந்து பூஜ்யம் ஆகும்போது, பல பிள்ளைகள் அதோடு ஒட்டுமொத்தமாக விட்டுவிடுவதற்குக் காரணமும் அதுதான். இழந்தது பெரிதாகத் தெரிகிறது, உண்மையில் விரலிலிருந்து ஒன்றுமே போகவில்லை.

டெசி, ரையான் என்ற இருவர் 1980-களிலிருந்து வளர்த்த கோட்பாடு, மனிதர் ஒன்றை விட்டுவிடாமல் செய்ய மூன்று தேவை என்கிறது: தன் விருப்பத்தில் செய்கிறோம் என்ற உணர்வு, நமக்கு வருகிறது என்ற உணர்வு, யாரோடோ சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வு. இரண்டாவதை ஆப் அள்ளிக் கொடுக்கிறது. முதலாவதைப் பாட்டுப் பட்டியல் வழியாக ஓரளவு கொடுக்கிறது. மூன்றாவது அதனால் முடியாது.

## ஆப் காத்திருக்கும், பாடுகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள்

பல ஆப்களில் ஒரு வசதி உண்டு: சரியான கீயை அழுத்தும்வரை பாட்டு அப்படியே நிற்கும். பயத்தைக் குறைக்கும் என்பது உண்மை. கூடவே, தப்பு வந்தால் உலகம் நின்று தரும் என்ற பழக்கத்தையும் விரலில் ஏற்றிவிடும்.

மதுரையில் கீபோர்டு கற்கிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் கடைசியில் வாசிக்கப்போகும் இடம் சர்ச். அங்கே என்ன நடக்கும் என்று பாருங்கள். மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைக்கு நோட்ஸ் உண்டு, நம் மெட்டில் பாடும் கீர்த்தனை பெரும்பாலும் காதுதான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா யாரையும் கேட்காமல் கீர்த்தனையைத் தன் சுருதியில் எடுத்துவிடுவார். சபை முழுவதும் சேர்ந்துகொள்ளும். பழகிய ஆர்கனிஸ்ட் முதல் வரியில் கையே வைக்க மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார், வால்யூமைக் குறைத்துக்கொண்டு இடது கையால் ஒரு நோட்டை மெல்லத் தொட்டுப் பார்ப்பார், பக்கத்து நோட்டுக்கு நகர்வார், சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டுவார், இரண்டாவது வரியில் உள்ளே வந்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆப்பில் நூறு பாட்டு முடித்த பிள்ளைக்கு இந்த இடம் இருட்டு, ஏனென்றால் எந்தக் கீ என்று சொல்ல எதிரே ஆள் இல்லை, தப்பினால் சபை நிற்கப்போவதும் இல்லை.

தேர்வு அறையிலும் இதே கதை. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்புகள் நடத்தும் கிரேடு தேர்வுகளுக்கு இங்கிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். ஏபிஆர்எஸ்எம் 2020-ல் வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடைக் கொண்டுவந்தது. நான்கு பாட்டையும் நடுவில் நிறுத்தாமல் ஒரே பதிவாக எடுக்க வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 100. பாட்டுக்கு 30 வீதம் 120 போக, மீதி 30 முழு வாசிப்பும் ஒரே ஓட்டமாக எப்படி இருந்தது என்பதற்கு. பெற்றோர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டிலேயே எடுக்கலாம் என்பதால் "இன்னொரு டேக், இன்னொரு டேக்" என்று பதினைந்து தடவை போவதுண்டு. ஒரு சின்னத் தப்பு வந்ததும் பிள்ளை தானே கையை எடுத்துவிட்டு "திரும்ப எடுங்கப்பா" என்கிறது. தப்பைத் தாண்டிப் போகும் திறமைதான் மேடைக்கு வேண்டும், அது அந்தப் பதினைந்து டேக்கில் கரைந்து போகிறது.

## அப்போ எப்படிப் பயன்படுத்துவது?

ஆப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வாரம் ஒருநாள்தான் ஆசிரியரிடம் போக முடிகிறது, மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதுவும் சிரமம் என்றால், மீதி ஆறு நாளும் ஆப் துணையாக இருப்பது நல்லதுதான். சில விஷயங்களை மட்டும் மாற்றுங்கள்.

1. முடிந்தவரை கேபிளில் இணையுங்கள். கீபோர்டில் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மைக்தான் வழி என்றால், ஃபேனைக் குறைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "சில சமயம் இதுக்குத் தப்பாக் கேட்கும், உன் மேல தப்பு இல்லை" என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

2. தொடர் நாள் நினைவூட்டலை அணைத்துவிடுங்கள்.

3. புதுப் பாடத்தின் முதல் இரண்டு நாள் திரையோடு வாசிக்கட்டும். மூன்றாம் நாள் திரையைக் கவிழ்த்து வைத்து வாசிக்கட்டும், பிறகு திறந்து பார்க்கட்டும். நாள் ஆக ஆகக் கவிழ்த்து வைக்கும் நேரம் கூட வேண்டும். காத்திருக்கும் வசதியையும் இதே போல, பாட்டு ஓரளவு கைக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

4. ஆசிரியரிடம் போகும் அந்த ஒரு மணி நேரத்தை, ஆப்பால் முடியாததற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்: விரல், மணிக்கட்டு, மென்மை வன்மை, சேர்ந்து வாசிப்பது. நோட்டு சரியா தப்பா என்று பார்ப்பதற்கு அவர் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

5. வாரத்தில் ஒரு தடவை யாராவது பாட, பிள்ளை கூட வாசிக்கட்டும். பாட்டி பாடினால் போதும், சுருதி முன்னே பின்னே இருந்தால் இன்னும் நல்லது.

6. மாதம் ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். டேப்பும் செல்போனும் பக்கத்து அறையில் இருக்கட்டும். பிள்ளை ஒரு பாட்டை முழுதாக வாசிக்கட்டும். முடித்ததும் நீங்கள் நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ எதுவும் சொல்லாமல், "எந்த இடம் சரியா வரலை?" என்று மட்டும் கேளுங்கள். "தெரியலை" என்று உங்கள் முகத்தைப் பார்த்தால், திரை நேரத்தைக் குறைக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. "இந்த ரெண்டாவது வரியில, இங்க கொஞ்சம் ஓடிட்டேன்" என்று கையைக் கொண்டுபோய் அந்த இடத்தை வாசித்துக் காட்டினால், அது தன் வாசிப்பைத் தானே கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஆப் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.